அரைத்த பருத்திக்கொட்டை

மாசாணியம்மாளின் வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். பிறவிக் கோணல் என்றுதான் புதிதாய்ப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பிறவியாவது ஒன்றாவது! 1997இல் ஒரு தீவன வியாபாரியின் ஆட்கள் பால் சொசைட்டி வாசலிலேயே வைத்து இரும்புக் குழாயால் அடித்து ஒடித்த கை அது. எதற்காக ஒடித்தார்கள் என்று கேட்டால், அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மதுக்கரைக்குத் தெற்கே திருமூர்த்தி பண்ணாடியின் தோட்டத்தில் மூன்று தலைமுறையாகக் களை வெட்டிய குடும்பம் அவளுடையது. அவளும் பதினைந்து வருஷம் அங்கே வெட்டினாள், சாணி அள்ளினாள். கிணறு வற்றித் தோட்ட வேலை பாதியானதும், புருஷன் மயில்சாமியோடு சென்னகேசவனின் தீவன மில்லுக்கு வேலைக்கு வந்துவிட்டாள். மயில்சாமி தவிடும் மரவள்ளித் திப்பியும் கடலைத்தோலும் உப்பும் யூரியாவும் கொட்டி மம்முட்டியால் கலப்பான். அவள் நிரம்பிய மூட்டையின் வாயைக் கோணூசியில் சணல் கோத்துத் தைப்பாள். நாளொன்றுக்கு இருநூறு மூட்டை. மதுக்கரை ஆலையின் சிமெண்டுப் புழுதி போதாதென்று தவிட்டுப் புழுதியும் சேர்ந்து, வீட்டுக்குப் போகும்போது இருவருக்கும் புருவம் வெளுத்திருக்கும்.

வீட்டில் ஒரு மாடு இருந்தது. திருமூர்த்தியின் சம்சாரம் நாச்சியம்மாள் தன் செவலைப் பசு போட்ட கன்றை மாசாணிக்கு வாரத்துக்குக் கொடுத்திருந்தாள். வளர்க்கிறவள் மாசாணி, முதல் ஈத்துக் கன்று நாச்சியம்மாளுக்கு, மாடு மாசாணிக்கு. நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு தாயை உரித்து வைத்ததுபோல வளர்ந்தது. மாசாணி அதற்கு மில்லில் கூட்டிப்பெருக்கிய தீவனத்தைக் கொண்டுவந்து, தினமும் இரண்டு கை அள்ளிச் சோளத்தட்டின் மேல் தூவுவாள். இரண்டு வருஷமாகத் தின்று கொழுகொழுவென்று இருந்தது. சினையும் பிடித்திருந்தது.

அந்தத் தீவனம் அப்போதெல்லாம் 'செவலை மார்க் மாட்டுத் தீவனம்' என்று அச்சடித்த சாக்கில் போனது. வாங்கினவர்களும் அப்படியே தட்டின் மேல் தூவிப் போட்டார்கள். அதைத் தின்று ஒரு மாடு தும்மினது என்றுகூடப் புகார் கிடையாது.

ஆனால் விற்பனை படுத்துவிட்டது. நம் ஊர்க்காரர்களுக்குப் பருத்திக்கொட்டை என்றால் தனி மயக்கம். ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் ஆட்டுக்கல்லில் தோள் கழன்று போக ஆட்டி, அந்தப் பாலைக் கழனித் தண்ணீரில் கலந்து மாட்டுக்கு வைத்தால்தான் பெண்களுக்கு மனசு ஆறும். சென்னகேசவனுக்கு மூளை இருந்ததே, அது இங்கேதான் வேலை செய்தது. கலவையில் ஒரு பிடிகூட மாற்றவில்லை. சாக்கை மட்டும் மாற்றினான். 'செவலை மார்க் அரைத்த பருத்திக்கொட்டை' என்று நீல எழுத்து. பக்கத்தில் வெடித்த பருத்திக்காய் படம். ஆட்டுகிற வேலை மிச்சம் என்று சனங்கள் விழுந்தடித்து முன்பணம் கட்டினார்கள். புதுச் சாக்கு மில்லுக்கு வந்த ஒன்பதாம் நாள்தான் முதல் லோடு வெளியே போனது.

மாசாணி முந்தின வருஷம்தான் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்திருந்தாள். பஸ் போர்டு, சோப்புக் கட்டி, கல்யாண நோட்டீஸ், எது கண்ணில் பட்டாலும் விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் நகர்வாள். புதுச் சாக்கு வந்த அன்றைக்கும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டினாள். ப, ரு, த், தி. படித்து முடித்ததும் நேராகச் சென்னகேசவனிடம் போனாள். பாவி, தனியாகப் போனாள்.

"ஏனுங்க மொதலாளி, சாக்குல பருத்திக்கொட்டைன்னு போட்டிருக்குதுங்களே."

"ஆமா. போட்டிருக்குது. அதுக்கென்ன இப்ப?"

"உள்ள பேருக்குக்கூடப் பருத்திக்கொட்டை இல்லீங்களே. தீவனம்னா அப்புடியே தூவுவாங்கொ. பருத்திக்கொட்டைன்னா ஊறப்போட்டுருவாங்கொ. உள்ள யூரியா கெடக்குதுங்க. கரைஞ்ச தண்ணிய ஒரே மூச்சுல மாடு குடிச்சுப்போட்டா என்னாகுமுங்க?"

சென்னகேசவன் எழுந்து கதவைச் சாத்தினான். அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து, அடுக்கியிருந்த மூட்டையில் முகத்தை இரண்டு தரம் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிப் புதுச் சாக்கின் மேல் விழுந்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த கோணூசியை உருவி, கீழுதட்டில் வைத்து அழுத்தினான். முனை உள்ளே இறங்கிப் பல்லில் முட்டியது.

"மூட்டை வாயத் தெக்கறதுதான் உன்ற வேலை. இன்னொருக்கா இதப் பத்திப் பேசுனயின்னா உன்ற வாய நான் தெச்சுப்போடுவேன். உன்ற புருசனையும் சேத்து."

அவள் வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள். மயில்சாமியிடம் மூட்டை சரிந்துவிட்டது என்று சொன்னாள். உண்மையைச் சொன்னால் அவன் மம்முட்டியோடு போவான், அப்புறம் ஜெயிலுக்குப் போவான் என்று அவளுக்குத் தெரியும். பயந்தாள். பயந்தவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஐந்தாம் நாள் மளிகைக் கடையில் நாச்சியம்மாளைப் பார்த்தாள்.

"ஏ மாசாணி, உங்க மில்லுல அரைச்சே குடுக்கறாங்களாமா? என்ற தோளுக்கு இனித்தான் விடிவு காலம். சரக்கு வெளிய வந்ததும் ஒரு மூட்டை வாங்கியாரச் சொல்லியிருக்கறேன்."

மாசாணி வாயைத் திறந்தாள். உதட்டுப் பொருக்கு விண்ணென்று இழுத்தது. "சரிங்க அம்மணி," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பத்தாம் நாள் காலையில் நாச்சியம்மாள் முதல் மூட்டையைப் பிரித்து ஊறவைத்த தண்ணீரைக் கட்டுத்தறியில் நான்கு மாடுகளுக்கும் வைத்தாள். சித்திரை மாத வெக்கை; நான்கும் ஒரே இழுப்பாய் உறிஞ்சின. கால் மணி நேரம் ஆகவில்லை, செவலைப் பசு தோலை உதறியது. காது துடித்தது. வாயில் நுரை தள்ளியது. வயிறு மேளம்போல உப்ப, கத்திக்கொண்டே சுவரில் போய் முட்டியது. ஒரு கொம்பு முறிந்து ரத்தம் கண்ணில் வழிய, கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு விழுந்தது. நாச்சியம்மாள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அலறினாள். அது காலை உதைத்துக்கொண்டதில் அவள் முழங்கால் பெயர்ந்தது. அவள் விடவில்லை. நான்கு மாடுகளும் அவள் கண் முன்னாலேயே செத்தன. பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் ஐந்து. மாட்டு டாக்டர் வினிகரும் குளிர்ந்த தண்ணீருமாக ஓடி ஓடிப் புகட்டியும் ஒரே ஒரு கிடாரிதான் பிழைத்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "யூரியா வெஷமுங்க," என்றார்.

அவ்வளவுதான். அறுபது பேர் டிராக்டரிலும் மொபெட்டிலும் மில்லுக்கு வந்தார்கள். கையில் கடப்பாரை, தடி, அரிவாள். நாச்சியம்மாள் நொண்டிக்கொண்டே வந்தாள். ஊறின தண்ணீர் மிச்சமிருந்த வாளியை ஒருவன் தூக்கி வந்தான். கேட் பெயர்ந்து விழுந்தது. காவலாளிக்கு மண்டை உடைந்தது. ஆபீஸ் கண்ணாடி முழுக்க நொறுங்கியது. சென்னகேசவன் மேஜைக்கு அடியிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வெளியே வந்தான்.

"பண்ணாடி, எனக்கொண்ணும் தெரியாதுங்க! கலக்கறவன் மயில்சாமிங்க. குடிச்சுப்போட்டு வந்து யூரியாவ அள்ளிக் கொட்டிப்போட்டானுங்க. அவனக் கேளுங்க!"

மயில்சாமி ஜென்மத்தில் குடித்தவன் இல்லை. அதை யார் கேட்டார்கள்? முதலாளியை அடிப்பதற்கு ஒரு நிமிஷம் யோசித்த கைகள், கூலிக்காரனை அடிக்க அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எடைமேடைத் தூணில் கட்டினார்கள். திருமூர்த்தி காலால் உதைத்ததில் விலா எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தடியடியில் தாடை பிசகி இரண்டு பல் கீழே விழுந்தது. நாச்சியம்மாள் செத்த செவலையின் கழுத்துக் கயிற்றைக் கையில் வைத்திருந்தாள். அதாலேயே மூஞ்சியிலும் மார்பிலும் விளாசினாள்.

"அதுக்கு என்ன ஊத்துனயோ அதை நீ குடிடா!" என்றான் ஒருவன். மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாய் வந்தது. உடைந்த தாடையை நெம்பிக் குழாயைச் செருகினார்கள்.

அப்போதுதான் பின்பக்கக் குடோனிலிருந்து மாசாணி ஓடிவந்தாள். வாளியைத் தூக்கினவன் கையைக் கடித்தாள். தடியடி ஒன்று அவள் முதுகில் விழுந்தது. விழுந்து எழுந்து மறுபடியும் வாளியைப் பிடித்தாள்.

"கலவையில தப்பில்லீங்க! சாக்குலதானுங்க தப்பு! அதே தீவனந்தானுங்க, பேரை மாத்திப்போட்டாங்க! என்ற மாடு ரெண்டு வருசமாத் திங்குது! பண்ணாடி, கும்புடறனுங்க, என்ற மாட்டை ஓட்டியாந்து போட்டுக் காட்டறனுங்க, ஒரே ஒருக்கா பாருங்க. அதுவரைக்கும் இவனை விடுங்க. நான் சொல்றது பொய்யின்னா ரெண்டு பேத்தையும் கொன்னுபோடுங்க!"

திருமூர்த்தி மூச்சு வாங்க அவளைப் பார்த்தான். "ஓட்டியா, பாக்கலாம். பொய்யின்னா நீ சொன்ன மாதிரியே செஞ்சுபோடுவேன்."

வீடு மில்லுக்குப் பின்னால்தான். மாட்டை ஓட்டிவந்து எடைமேடை முன்னால் நிறுத்தினாள். வெள்ளைச் சுட்டியைப் பார்த்ததும் நாச்சியம்மாளின் கை கயிற்றோடு அப்படியே நின்றது. மாசாணி புதுச் சாக்கு ஒன்றைக் கிழித்து, இரண்டு கை அள்ளித் தட்டின் மேல் தூவினாள். மாடு தின்றது. அரை மணி நேரம் அறுபது பேரும் ஒரு மாட்டின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மயில்சாமி தூணில் தொங்கியபடி குமிழ் குமிழாய் ரத்தம் துப்பினான். மாடு அசைபோட்டது. வாலால் ஈ ஓட்டியது. ஒன்றும் ஆகவில்லை.

"தீவனம்னு எழுதியிருந்தா இப்புடித்தான போட்டிருப்பீங்க?" என்றாள் மாசாணி. "இப்ப இதையும் பாத்துக்குங்க."

வாளியை எடுத்து மாட்டின் முன்னால் வைத்தாள். அதே சரக்கை நாச்சியம்மாள் தன் வீட்டில் தன் கையாலேயே ஊறப்போட்ட தண்ணீர். மாடு காலையிலிருந்து தண்ணீர் காணாதது. எல்லோருக்கும் என்ன நடக்கப் போகிறது என்று புரிந்துவிட்டது. மாசாணி வாளியை இழுக்கவில்லை. தாலி கட்டினவன் தூணில் தொங்குகிறான், பிள்ளைபோல வளர்த்தது சினையோடு நிற்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் அவள் அன்று வீட்டுக்குக் கூட்டிப்போக முடியும். மாடு குனிந்தது. மூக்கு தண்ணீரில் பட்டது.

நாச்சியம்மாள் அடிபட்ட காலாலேயே வாளியை எட்டி உதைத்தாள். தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அவள் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

"போதும்டி! போதும்! நாந்தான் ஊறப்போட்டேன். என்ற கையாலதான் ஊத்துனேன். கொறைஞ்சுபோச்சுன்னு செவலைக்கு இன்னொரு செம்பு சேத்து ஊத்துனனே, ஐயோ!"

சென்னகேசவன் அதற்குள் ஜீப்பில் ஏறி இருந்தான். இழுத்துப் போட்டார்கள். இந்தத் தடவை யாரும் யோசிக்கவில்லை. சட்டை கிழிந்தது, காது கிழிந்தது, வலது முழங்கை பின்பக்கமாக மடங்கியது. அதே மூங்கில் குழாயை அவன் வாயில் செருகி, தொட்டியில் ஒரு மூட்டையைக் கொட்டிக் கரைக்க ஆரம்பித்தார்கள். மாசாணி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவன் நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றினாள். அவனைக் காப்பாற்றவா போனாள்? அந்த நினைப்பெல்லாம் அவளுக்கு இல்லை.

"நேத்துப் போன லாரி எங்கெங்க எறக்குச்சு? சொல்லு! அங்க இந்நேரம் எத்தன பேரு ஊறப்போட்டிருக்கறாங்களோ!"

குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்தார்கள். அவன் சொன்னான். போத்தனூரில் இரண்டு கடை, கோபியில் ஒரு கடை. கேட்ட மாத்திரத்தில், கூட்டத்தோடு வந்திருந்த பால் சொசைட்டி செக்ரட்டரி எஸ்டிடி பூத்துக்கு ஓடினார்; மொபெட்டுகள் போத்தனூருக்குப் பறந்தன. கோபியில் கடைக்காரன் மூட்டையைப் பிரிக்கும் முன்பே தகவல் போய்விட்டது. போத்தனூரில் இரண்டு எருமை செத்துப்போயிருந்தன. அப்புறம் போலீஸ் வந்ததால் சென்னகேசவன் உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

மயில்சாமியை அவிழ்த்துப் படுக்கவைத்தார்கள். கட்டினவர்களில் ஒருவனும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. திருமூர்த்தி டிராக்டரைக் கிளப்பி, ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டுவதாகச் சொன்னான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. அந்த வீட்டு ஆண்களுக்கு அது எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

மாசாணி புருஷன் தலையை மடியில் வைத்திருந்தாள். நாச்சியம்மாள் நொண்டிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

"மாசாணி. ஊறப்போட்டா சாகும்னு உனக்கு எப்பத் தெரியும்?"

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் புரிந்தது என்று சொல்லியிருக்கலாம். கேட்டவளும் நம்பியிருப்பாள்.

"சாக்கு வந்த அன்னைக்கே தெரியுமுங்க அம்மணி. பத்து நாளாச்சு."

"கடையில என்னையப் பாத்தயே, அப்பவும் தெரியுமா?"

"தெரியுமுங்க."

நாச்சியம்மாள் ஓங்கி அறைந்தாள். உதட்டுப் பொருக்கு பிய்ந்து ரத்தம் வந்தது. அந்தக் காயம் எப்படி வந்தது என்று மாசாணி சொல்லவில்லை. அன்றைக்கு முதுகிலும் தோளிலும் எத்தனையோ அடி வாங்கினாள், அதையெல்லாம் ஒரு வாரத்தில் மறந்துவிட்டாள். இந்த ஒன்றை மட்டும், "அது எனக்குச் சேர வேண்டியதுங்க," என்று பிற்பாடு சொல்வாள்.

அடுத்த வாரம் பால் சொசைட்டியில் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதினார்கள். மூட்டையின் பேரில் எந்தச் சரக்கு இருக்கிறதோ அதுவே உள்ளே பெரும்பங்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் இங்கே இறக்கக் கூடாது என்று. நாச்சியம்மாள் பெண்கள் பக்கமிருந்து எழுந்து, "ஊறப்போடக் கூடாதுன்னா, அதைப் பேரைவிடப் பெருசா எழுதோணும்," என்றாள். அதையும் சேர்த்தார்கள். சரி, எவன் பார்ப்பது? யார் பொறுப்பு? ஆளாளுக்கு மோட்டுவளையைப் பார்த்தார்கள். "மாசாணியப் போடுங்க," என்றாள் நாச்சியம்மாள். "உள்ள என்ன இருக்குதுன்னு தெரிஞ்சவ அவதான். இனி வாய மூடிட்டு இருக்க மாட்டா."

அன்றிலிருந்து லோடு வரும்போதெல்லாம் மாசாணி சாக்கின் பேரை ஊருக்கே கேட்கிற மாதிரி எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அப்புறம் கோணூசியால் வாயைப் பிரித்து, தோள்வரை கையை விட்டு அடிச்சரக்கை அள்ளி, மோந்து, நக்கிப் பார்ப்பாள். 'கடலைப் புண்ணாக்கு' என்ற பேரில் உமியும் மரத்தூளும் கொண்டுவந்த லாரியை அப்படித்தான் திருப்பி அனுப்பினாள். மறுநாள் அந்தச் சரக்கை அனுப்பிய வியாபாரியின் ஆட்கள் வந்து, சாக்குக்குள் விட்ட அந்தக் கையைக் கல்லில் வைத்துக் குழாயால் இரண்டு அடி அடித்தார்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. மாவுக்கட்டு பிரிக்கும் முன்பே இடது கையால் சாக்கைப் பிரிக்கப் பழகிவிட்டாள்.

மயில்சாமிக்குத் தாடை சரியாகக் கூடவில்லை. அவன் பேசுவது மாசாணிக்கு மட்டும்தான் புரியும். சென்னகேசவன் கேஸ் நடக்கும்போதே வேறு ஊரில் வேறு மார்க்கில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தான், நாசமாய்ப் போகிறவன். சுட்டி மாடு அந்த வருஷமே சொன்ன தேதிக்குச் செவலைக் கிடாரி போட்டது. வாரப்படி அது நாச்சியம்மாளுக்கு. மாசாணி ஓட்டிக்கொண்டு போய்க் கட்டுத்தறியில் கட்டினாள். கட்டிவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டாள்.

ஆனால் லோடு வருகிற நாளில் நாச்சியம்மாள் எங்கே இருந்தாலும் சொசைட்டிக்கு வந்துவிடுவாள். நொண்டிக் காலோடு சாக்கின் அந்தப் பக்கம் நிற்பாள். மாசாணி பேரைப் படித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பாள்.

"உள்ள என்ன இருக்குது, மாசாணி?"

மாசாணி கையை எடுத்து, விரல்களை விரித்துக் காட்டி, ஒன்று விடாமல் சொல்வாள்.